குமாரதாஸ் என்று எழுதிய டியூப்

போன மாதம் ஒரு நாள் மத்தியானம் ஷீபா டாக்டர் போன் செய்தார். நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இப்போது அவர்தான் பொறுப்பு. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் இருக்கிறது அது, பெயர் வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமிகளை, வகைக்கு ஒன்றாக, உயிரோடு வைத்துக் காப்பாற்றுவது அங்கே எங்கள் வேலை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் கேட்டால் கொடுப்போம். காய்ச்சலோடு வருகிறவர்களின் ரத்தத்தை அந்தக் கிருமிகளோடு சேர்த்துப் பார்த்து, இது எலிக்காய்ச்சலா இல்லையா என்றும் சொல்வோம்.

"ஜைனம்பு அக்கா, நம்ம கல்ச்சர் எல்லாத்துக்கும் ஜீன் பரிசோதனை முடிஞ்சாச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரலாறு எழுதி வைக்கணும். எங்கேருந்து வந்துது, ஆரு வச்சிருந்தா, அப்படி. உங்களை விட்டா அதுக்கு ஆளு இல்ல. ஒண்ணுக்கு அரைப்பக்கம் போதும்."

"எழுதித் தாறேன் டாக்டர். எனக்கு வேற என்ன சோலி?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அதுல குமாரதாஸ்னு எழுதின டியூப் உண்டுல்லா. அது குமாரதாஸ் இல்ல அக்கா. நாலாம் நம்பர். ரெண்டு டியூபுலயும் ஒரே கிருமிதான்னு வருது. எங்கயோ மாறிப் போச்சு. எல்லா லேபுலயும் நடக்கதுதான், வெப்ராளப்படாதீங்க. எப்போ மாறிச்சுன்னு ஒரு யூகம் இருந்தா மட்டும் எழுதுங்க."

யூகம் என்ன யூகம்! எந்த நாள், எந்த மேசை, பக்கத்தில் யார் இருந்தது என்பது வரை எனக்குத் தெரியும். மற்றதற்கெல்லாம் அரைப்பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். இதற்கு அரைப்பக்கம் போதாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதை மாற்றியது நான். மாற்றியதுகூடப் பெரிதில்லை, மனிதக் கைதானே. சரிசெய்ய வழி இருந்தபோது ஒருவர் என்னிடம் நேராகக் கேட்டார். நான் பொய் சொன்னேன்.

நான் கோட்டாறு. வாப்பாவுக்கு மசாலாச் சரக்குக் கடை. பெண்பிள்ளை போய் ரத்தத்தையும் மூத்திரத்தையும் தொட்டு வேலை செய்வதா என்று உம்மா ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் படித்தேன். ஒரு வருடம் அங்கே இங்கே என்று ஊசி குத்திப் பழகினேன். பிறகு இங்கே சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. தொழில் என்று நான் கற்றது தாணு சாரிடம்தான்.

டாக்டர் தாணு பூதப்பாண்டிக்காரர், வயல்காரக் குடும்பம். ஒல்லி ஆள். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து பென்சில் இருக்கும். சத்தம் போடவே மாட்டார். யாராவது தப்புச் செய்தால் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "நானும் நிக்கேன், நீ செய்யி" என்பார். அவ்வளவுதான். வேலை முடிகிறவரை அங்கேயே நிற்பார். அதற்கு நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனால் தேவலை என்றிருக்கும். எனக்கோ வாய் நீளம், கோபம் மூக்குக்கு மேல். பெரிய பெரிய டாக்டர்களையெல்லாம் எதிர்த்துப் பேசியிருக்கிறேன். இவர் பக்கத்தில் வந்து நின்றால், எண்ணிய துளியையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருப்பேன்.

இந்தக் கிருமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேறு பல கிருமிகள் தட்டில் வளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். நிறம் உண்டு, நாற்றம் உண்டு, ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு. இது டியூபில் உள்ள, மீடியா என்கிற கஞ்சித்தண்ணீர் மாதிரியான தீனியில், மேலிருந்து ஒரு விரல் கீழே, மங்கலாக ஒரு வளையம் கட்டும். எந்த வகை ஆனாலும் அதே வளையம்தான். மைக்ராஸ்கோப்பில் இருட்டுப் பின்னணியில் பார்த்தால் வெள்ளி நூலாக நெளியும். எல்லாம் ஒரே நெளிவுதான். இது இன்னது என்று சட்டென்று சொல்ல, டியூபில் ஒட்டியிருக்கும் பெயரைத் தவிர வேறு வழி கிடையாது.

குறித்த நாளில் பழைய டியூபிலிருந்து சில துளி எடுத்துப் புது டியூபில் விட வேண்டும். தவறினால் செத்துப்போகும். தாணு சார் அதற்கு நடவு என்று பெயர் வைத்திருந்தார். எனக்குச் செவ்வாய்க்கிழமை நடவு. அதற்கென்று சில முறைகள் உண்டு. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வகைதான் இருக்கலாம். டியூபைத் திறக்குமுன் அதன் பெயரை வாய்விட்டு வாசிக்க வேண்டும். புது டியூபையும் பழையதையும் மூடியபின், இரண்டின் பெயரையும் இன்னொரு தடவை வாசிக்க வேண்டும். நடுவில் வாயைத் திறக்கவே கூடாது. தும்மல் வந்தால்கூட மூடி, வாசித்து, பிறகுதான் தும்மல்.

சேர்ந்த முதல் வாரம் நான் சிரித்துவிட்டேன். "சார், பள்ளிக்கூடத்துல ஆஜர் கூப்பிடது மாதிரியாக்கும் இருக்கு."

"கண்ணு ஏமாத்திரும் ஜைனம்பு. நீ என்ன நெனச்சிருக்கியோ அதைத்தான் அது வாசிக்கும். வாயால சொன்னா காதுல விழும். காது பிடிச்சுக் கொடுத்துரும்" என்றார் அவர், சிரிக்காமல்.

ஒவ்வொரு வகைக்கும் இரண்டு வரிசை வைத்திருந்தோம். ஒன்று என் அலமாரியில் இருக்கும், நான் நடுவேன். இன்னொன்று சார் அறையில் உள்ள அலமாரியில் இருக்கும், வேறொரு நாளில் அவரே நடுவார். ஒன்று கெட்டால் மற்றது கைகொடுக்கும் என்பதுதான் கணக்கு.

கிருமிகளுக்குப் பெயர் வைப்பதில் அப்போது ஒரு பழைய வழக்கம் இருந்தது. எந்த ஊரில் கிடைத்ததோ அந்த ஊரின் பெயர், அல்லது யார் உடம்பிலிருந்து எடுத்ததோ அந்த ஆளின் பெயர். எங்களிடம் இருந்த நாலாம் நம்பர்கூட எந்த நாட்டிலோ, எந்தக் காலத்திலோ காய்ச்சலில் கிடந்த ஒருவருடைய பெயர் கொண்டதுதான். எங்கள் நாக்கில் அது புரளாது என்பதால் நாலாம் நம்பர் என்றே வாசித்தோம். நல்ல வளர்த்தி உள்ளது அது. எங்கே விட்டாலும் பிடித்துக்கொள்ளும். இப்போதெல்லாம் நோயாளி பெயரை வைக்கக் கூடாது என்கிறார்கள். நல்லதுதான்.

குமாரதாஸ் கீரிப்பாறையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அடைமழை பெய்து ஓய்ந்திருந்த சமயம் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். ரத்தம் எடுக்க வார்டுக்கு நானே போனேன். கண் இரண்டும் மஞ்சள். கெண்டைக்காலைத் தொட விடமாட்டார், அத்தனை வலி. பேச்சு மட்டும் குறையவில்லை.

"எக்கா, எவ்வளவு எடுப்பிய?"

"ரெண்டு ஸ்பூன்."

"எடுத்துக்கிடுங்க. நாங்க ஒரு நாளைக்கு எத்தனை மரத்தைக் கீறிப் பால் எடுக்கோம். ஏதாவது ஒரு மரம் ஏண்டான்னு கேட்டிருக்கா?"

கட்டில் பக்கத்தில் நின்ற அவர் மனைவி லீலாபாய், "சும்மா கெடயுங்க, பேசப்பேச மூச்சு வாங்குது" என்று அதட்டினாள். அப்புறம் என்னிடம், "வாயி அடங்காது எக்கா, ஒண்ணும் நெனச்சுக்கிடாதுங்க" என்றாள். அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட இராது. இடுப்பில் ஒரு பிள்ளை, சேலையைப் பிடித்துக்கொண்டு ஒன்று.

நாலாவது நாள் அவர் போய்விட்டார். மூத்திரம் நின்றுவிட்டது. அப்போதைய வசதிக்கு அவ்வளவுதான் முடிந்தது.

அவருடைய ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக விட்ட டியூப்கள் என் அலமாரியில் இருந்தன. இந்தக் கிருமி மெதுவாகத்தான் வரும். வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. அவரை அடக்கம் செய்து, நாற்பதாம் நாளும் கழிந்து, வார்டில் அந்தக் கட்டிலில் எத்தனையோ பேர் மாறிப் போன பிறகு, ஒரு காலையில் ஸ்லைடில் ஒரு துளி வைத்துப் பார்க்கிறேன், இருட்டுக்குள் இரண்டு நூல் நெளிகிறது. "சார், வந்துட்டு! வந்துட்டு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அத்தனை சந்தோஷம் எனக்கு. ஓடிப் பாதி வழியில்தான் அந்த மனிதரின் சிரித்த முகம் நினைவுக்கு வந்தது. அல்லாவே, எதற்காக இப்படி ஓடுகிறேன் என்று கூசிப்போனேன்.

எங்களிடம் இருந்த எந்த வகையோடும் அது பொருந்தவில்லை. நம் மலையில் மட்டும் உள்ள ஒன்றாக இருக்கும் என்று சார் சொன்னார். பென்சிலை எடுத்து லேபிளில் 'குமாரதாஸ்' என்று எழுதினார். அந்த வீட்டுக்கு ஒரு கடிதமும் போட்டார். யார் உடம்பிலிருந்து எடுத்தோமோ அந்த வீட்டுக்குச் சொல்லாமல் வைத்திருப்பது திருட்டு என்பது அவர் கொள்கை.

அந்தக் கடிதத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு லீலாபாய் வந்து நின்றாள்.

"இதுல எழுதியிருக்கது நெசமா சாரே? அவரைக் கொன்னது இங்க உயிரோட இருக்கா?"

"இருக்கும்மா."

"அதுக்கு நீங்க தீனி போட்டு வளக்கியளா?"

சார் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றார்.

"கொன்னு போடுங்க. எனக்க பிள்ளையள் மேல ஆணையாச் சொல்லுகேன், அதைக் கொன்னு போடுங்க."

சார் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவரும் எழுந்து நின்றுகொண்டே சொன்னார். "உங்க தோட்டத்துல அடுத்த மழைக்கும் ஒருத்தருக்குக் காய்ச்சல் வரும். ரத்தம் இங்கதான் வரும். எங்ககிட்ட கெடக்க வெளிநாட்டுக் கிருமியளை வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது. இதை வச்சுப் பாத்தாத்தான் தெரியும். இதைக் கொன்னுட்டா அந்த ஆளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அவள் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த மழையில் அது அப்படியே நடந்தது. அதே தோட்டத்தில், லீலா இருந்த அதே லயத்து வரிசை வீடுகளில் இருந்து சுசீலா என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். அவள் ரத்தம் உறைந்தபின் தெளிந்த நீரான சீரத்தில் ஒவ்வொரு வகைக் கிருமியையும் கலந்து பார்த்தேன். மற்றதெல்லாம் தம் பாட்டுக்கு நெளிந்துகொண்டிருந்தன. குமாரதாஸ் மட்டும் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது. அதுதான் அடையாளம். உடனே அதற்குரிய மருந்தைத் தொடங்கினார்கள். சுசீலா நடந்தே வீட்டுக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, லீலா ஒரு சீப்பு மட்டிப் பழத்தோடு வந்தாள். தாணு சார் அன்று திருவனந்தபுரம் போயிருந்தார். நான் நடவில் இருந்தேன். மேசையில் நாலாம் நம்பர். பெயரை வாசித்துத் திறந்தாகிவிட்டது.

"எக்கா, சுசீலா பொழச்சுட்டா. அவருதான் காட்டிக் கொடுத்தாருன்னு தோட்டத்துல எல்லாரும் சொல்லுகா." கதவுக்கு வெளியே நின்றபடியே பேசினாள். "எக்கா, ஒரே ஒரு தடவை எனக்கு அதைப் பாக்கணும்."

வெளியாட்களை உள்ளே விடக் கூடாது. நடவு நேரத்தில் பேசவே கூடாது. எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்தால் உங்களுக்கும் மனசு வராது. நாலாம் நம்பரை முடிக்காமலே, மூடியைச் சும்மா மேலே வைத்து ஸ்டாண்டில் நிறுத்தினேன். அவளை உள்ளே கூப்பிட்டு, மேல்கோட்டு மாட்டி, மைக்ராஸ்கோப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அலமாரியிலிருந்து அந்த டியூபை எடுத்துவந்தேன். பழக்கதோஷம், "குமாரதாஸ்" என்று வாய்விட்டு வாசித்து மூடியைத் தளர்த்தினேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "எக்கா, அவருக்க பேரையா சொன்னிய?"

"ஆமா. அவரு பேருதான் வச்சிருக்கு."

"செவ்வாய்க்கிழமை தோறும் சொல்லுவியளா?"

"நடும்போதெல்லாம் சொல்லுவேன். ரெண்டு தடவை."

அவள் அழத் தொடங்கினாள். சத்தமில்லாத அழுகை, உடம்பு மட்டும் குலுங்கியது. வீட்டில் அவர் பெயரை யாரும் எடுப்பதில்லையாம். எடுத்தால் பிள்ளைகள் ஏங்கிப்போகும் என்று மாமியார் சொல்லிவிட்டாளாம். நான் டியூபை ஸ்டாண்டில் வைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அவள் தோளைப் பிடித்தேன். தண்ணீர் கொடுத்து, வெளியே கூட்டிப்போய் முகம் கழுவ வைத்து, மறுபடி உள்ளே அழைத்துவந்தேன். மறுபடி கையுறை போட்டேன். ஸ்டாண்டில் இரண்டு டியூப். இரண்டுக்கும் மூடி தளர்வாக. லேபிள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஒன்றை எடுத்து, அன்றைய நடவுக்காகக் குமாரதாஸ் என்று எழுதி வைத்திருந்த புது டியூபில் நட்டேன். மூடிய பின் வாசிக்கவில்லை. வாசித்தால் அவள் இன்னொரு முறை உடைந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் பார்த்த ஸ்லைடை அழுகைக்கு முன்னால் போட்டேனா, பின்னால் போட்டேனா என்பது எனக்கு ஓர்மையில்லை. அவள் கண்ணை வைத்துப் பார்த்தது மட்டும் நன்றாக ஓர்மையிருக்கிறது. வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாட்டு இருக்கே எக்கா" என்றாள். பிறகு, "அவருக்க ரத்தம் இதுல கொஞ்சமாவது உண்டா?" என்று கேட்டாள்.

முதல் டியூபில் இருந்தது. அடுத்தடுத்து நட்டு நட்டு, அது எப்போதோ இல்லாமல் போயிருக்கும். "உண்டு" என்றேன். அவள் மட்டிப் பழச் சீப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகுதான் நாலாம் நம்பரை மறுபடி வாசித்து நட்டு முடித்தேன்.

புது டியூப் அமோகமாக வளர்ந்தது. அதற்கு முன் குமாரதாஸ் வளையம் கட்டப் பல வாரம் எடுக்கும். பிள்ளையைச் சோறூட்டுவது மாதிரி பார்த்துப் பார்த்து வளர்க்க வேண்டும். இந்தத் தடவை ஒரே வாரத்தில் கெட்டியாக வளையம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புதியது வளர்ந்துவிட்டால் பழைய டியூபை அவித்துக் கொட்டிவிடுவது முறை. கொட்டிவிட்டேன்.

தாணு சார் தன் அலமாரியிலிருந்த டியூபைக் கொண்டுவந்து என்னுடையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடையதில் வளையம் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது.

"இவன் இப்படி வளர மாட்டானே ஜைனம்பு."

"கைப்பக்குவம் சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நடும்போது வாசிச்சியா?"

"வாசிச்சேன் சார்."

"ரெண்டு தடவையும்?"

அப்போதுதான் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால், வெளியாளை உள்ளே விட்டதைச் சொல்ல வேண்டும். இரண்டு டியூப் ஒன்றாகத் திறந்திருந்ததைச் சொல்ல வேண்டும். அதன் பிறகு எத்தனை செவ்வாய்க்கிழமை "நானும் நிக்கேன்" என்று பக்கத்தில் வந்து நிற்பாரோ. இத்தனை வருடம் கழித்து யோசித்துப் பார்க்கிறேன், என் பயம் அவ்வளவுதான். வேலை போகும் என்றுகூடப் பயமில்லை. அந்த மனிதர் பக்கத்தில் வந்து நிற்பாரே என்ற ஒன்றுதான்.

"ரெண்டு தடவையும் வாசிச்சேன் சார்."

"சீரத்தை வச்சு ஒரு தடவை பாத்துரலாமான்னு நெனச்சேன்" என்றார். குமாரதாஸை முன்பு முயலுக்குக் குத்தி எடுத்த, அதை மட்டும் அடையாளம் காட்டக்கூடிய சீரம் ஒரு சின்ன சீசாவில் கொஞ்சம் மிச்சமிருந்தது. "அடிமட்டத்துலதான் கெடக்கு. வீணாக்க வேண்டாம். நீ வாசிச்சேன்னு சொல்லுகியே, அது போதும்."

அன்று அவர் அலமாரியில் உண்மையான குமாரதாஸ் உயிரோடு இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதிலிருந்து நாலு துளி எடுத்து நட்டு, என்னுடையதைக் கொட்டியிருப்போம். சில வாரத்து வேலை.

சில மாதம் கழித்து மீடியாவில் சேர்க்கிற சாமான் ஒரு தடவை மோசமாக வந்துவிட்டது. சாருடைய அலமாரியில் நோஞ்சானாக இருந்த ஆறு வகை செத்துப்போயின. அதில் குமாரதாஸும் ஒன்று. "நல்லவேளை, உனக்கது இருக்கு" என்று சார் என் டியூபிலிருந்து எடுத்துத் தன் அலமாரியில் நட்டார். சார் அந்தப் பெயரை வாசித்தது என் காதில் விழுந்தது. திறக்குமுன் ஒரு தடவை, மூடியபின் ஒரு தடவை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

பழைய சீரம் தீர்ந்தது. புதிதாகத் தயாரிக்க என் டியூபில் உள்ளதைத்தான் முயலுக்குக் கொடுத்தோம். அதனால் வருடா வருடம் சரிபார்க்கும்போது சீரமும் டியூபும் பொருந்தின. பொய்க்கு அந்தப் பொய்யே சாட்சி சொன்னது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சாதிக்க மாட்டேன். சந்தேகம் இருந்தது. அதைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அதன் பிறகு வந்த மழைக்காலங்களில், கீரிப்பாறை என்று முகவரி எழுதிய சீட்டோடு ரத்தம் வரும். ஒவ்வொரு வகையாகக் கலந்து பார்ப்பேன். எதிலும் கட்டி கட்டாது. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அனுபவமுள்ள டாக்டர்கள் எங்கள் சீட்டை நம்பியிராமல், ஆளைப் பார்த்தே மருந்து கொடுத்திருப்பார்கள். அப்படித்தான் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லீலா ஒவ்வொரு வருடமும் அவர் இறந்த நாளுக்கு அடுத்து வருகிற செவ்வாய்க்கிழமை வருவாள். சாரும் அனுமதி கொடுத்துவிட்டார். மூடி முத்திரை வைத்த ஸ்லைடு ஒன்று தனியாகப் போட்டு, ஓரத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொடுப்பேன். குனிந்து பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுப்பாள். நான் தள்ளி நின்றுகொள்வேன். பத்து நிமிடம் இருப்பாள். போகும்போது முகம் தெளிந்திருக்கும்.

தாணு சார் ஓய்வு பெற்றுப் போன பிறகு இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். கடைசித் தடவை படுத்த படுக்கை. என்னை அடையாளம் தெரிந்ததும், என் வீட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்கவில்லை. "குமாரதாஸ் நல்லா இருக்கானா?" என்றார். அவர் வாழ்நாளில் தானே கண்டெடுத்தது அது ஒன்றுதான். "நல்லா இருக்கு சார்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்து அந்த வீட்டு முற்றத்தில் நின்று அழுதேன். நாலு நாளில் அவர் போய்விட்டார்.

ஷீபா டாக்டரிடம் எல்லாவற்றையும் அன்றைக்கே போனில் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த அம்மாட்ட நீங்க சொல்லணும்னு ஒண்ணும் இல்ல அக்கா. வந்தா நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நல்ல மனசு. ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்துக் கீரிப்பாறை போனேன்.

லீலா வாசலில் உட்கார்ந்து மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. மகன் துபாயில், மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள். "எக்கா! இம்புடு தூரம் ஒத்தைக்கா வந்திய? ஒரு போன் போட்டிருந்தா நான் வந்திருப்பேம்லா!" கட்டன் காப்பி போட்டுத் தந்தாள். நான் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அந்தச் செவ்வாய்க்கிழமை, ஸ்டாண்டில் நின்ற இரண்டு டியூப், சார் கேட்டது, நான் சொன்ன பொய், செத்துப்போன ஆறு வகை, 'இல்லை' என்று எழுதிய சீட்டுகள், எல்லாம். அவள் கிழங்கைச் சீவிக்கொண்டேதான் கேட்டாள். பாதியில் கத்தி நின்றது.

"அப்போ, வருசா வருசம் நான் வந்து பாத்தது?"

"நாலாம் நம்பர். வெளிநாட்டுல உள்ள ஆரோ ஒரு ஆளு."

"அந்த ஆளும் காய்ச்சல்ல போயிட்டாரா?"

"தெரியாது லீலா. பேரு மட்டுந்தான் உண்டு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளையளுக்க காரியமெல்லாம் அங்க வச்சுத்தான் சொன்னேன் எக்கா. அவளுக்குக் கலியாணம் உறுதி ஆனது, அவன் பிளேன் ஏறினது. ஆருகிட்டயோ போயிச் சொல்லியிருக்கேன்."

"மாப்பு கேக்கதுக்குக்கூட எனக்கு யோக்கியதை இல்ல" என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"முத நாளு எக்கா? மட்டிப் பழம் கொண்டு வந்தேன்லா, அன்னைக்கு. அன்னைக்கு நான் பாத்தது அவருதானே?"

ஷீபா டாக்டர் போன் வைத்ததிலிருந்து என்னை நானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. ஸ்லைடை அழுகைக்கு முன்னால் போட்டிருந்தால் அவர்தான். பின்னால் என்றால் தெரியாது. எத்தனை யோசித்தும் அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆமாம் என்று சொன்னால் யார் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் இத்தனையும் என் வாயிலிருந்து அப்படிச் சுலபமாக வந்த வார்த்தைகளால் நடந்ததுதானே.

"தெரியாது லீலா" என்றேன். "அவராவும் இருக்கலாம். எனக்கு உறுதியாச் சொல்ல முடியல்ல."

அவள் கத்தியை எடுத்தாள். பாதி சீவிய கிழங்கை எடுத்துப் பார்த்தாள். இரண்டையும் கீழே வைத்துவிட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"ஆமான்னு சொல்லியிருக்கலாம்லா எக்கா" என்றாள். "நான் நம்பியிருப்பேனே."